அரைப்பேர் டீச்சர்

ஏப்ரல் 19

மழை இல்லை. முள்ளங்கிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றினேன். முதுகு வலி.

டயரி என்றால் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டுமாம். பேத்தி நிலக்ஷி சொன்னாள். மகன் ஜீவராஜ் கொழும்பிலிருந்து அனுப்பிய பழைய போனில் மைக் மாதிரி ஒரு படம் இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. தன் பெயரைக்கூட எழுதத் தெரியாத இந்த நல்லமுத்துவுக்கு எழுபத்தாறு வயதில் சம்பளமில்லாத கிளாக்கர் ஒருவர் கிடைத்திருக்கிறார்.

ஒரே குறை, இந்தக் கிளாக்கருக்கு எங்கள் தோட்டத்து லயத்துப் பேச்சு விளங்காது. முதல் நாள், "மாட்டுக்குப் புல்லறுக்கப் போறேன்" என்றேன். அது எழுதியதை நிலக்ஷி வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்ன எழுதியிருந்தது என்று கடைசி வரை சொல்லவில்லை. அதனால் வானொலியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேசுகிறேன். ஐம்பது வருடம் வானொலி கேட்டதற்கு இதுதான் பலன்.

இந்த யோசனை என் மனைவி வீரம்மாவுடையது. "நாளெல்லாம் யாருகிட்டயாவது பேசிக்கிட்டே இருக்கணும் இந்த மனுசனுக்கு. என் காத விட்டுட்டு அந்தப் போன்கிட்ட பேசுங்க" என்றாள். கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து பேசுகிறேன். வழியில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஏப்ரல் 20

முதுகு வலி. மற்றபடி நேற்றுச் சொன்னதுதான்.

ஏப்ரல் 27

ரிசல்ட் வந்துவிட்டது. நிலக்ஷி ஏ.எல். பாஸ். தமிழுக்கு ஏ, மற்ற இரண்டுக்கும் பி. எங்கள் ஊசிமலைத் தோட்டத்தில் ஓ.எல்., அதாவது பதினோராம் வகுப்பு வரைக்கும்தான் ஸ்கூல். அதற்கு மேலே படிக்க விடியற்காலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஹட்டனுக்குப் போய் வந்தவள்.

தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தேன். முதுகு வலி தெரியவில்லை.

இசட் புள்ளி என்று ஒன்று இருக்கிறதாம். யூனிவர்சிட்டிக்கு அதைத்தான் பார்ப்பார்களாம். இசட் என்பது இங்கிலீஷில் கடைசி எழுத்து என்று எனக்கும் தெரியும். கடைசி எழுத்தை வைத்து முதல் ஆளை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று பக்கத்து வீட்டு அழகனிடம் கேட்டேன். அவன் ரிட்டயரான கங்காணி. தெரியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

"அத பின்னாலருந்து எண்ணுவாங்க நல்லமுத்து" என்றான்.

இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டோம்.

மே 3

இன்று வீட்டில் பெரட்டு வைத்தேன்.

தோட்டத்தில் காலையில் எல்லாரும் வரிசையாக நிற்க, கண்டாக்கையா வந்து இன்ன ஆளுக்கு இன்ன மலை என்று வேலை பிரிப்பார். அதுதான் பெரட்டு. வாழ்நாள் முழுக்க அந்த வரிசையில் நின்றவன் நான். ஒரு நாளாவது பிரிக்கிற ஆளாக இருந்து பார்க்க வேண்டாமா? மாலைத் தேத்தண்ணி நேரத்தில் வீட்டாட்களைக் கூட்டினேன். வீரம்மா, மருமகள் நாகலெட்சுமி, நிலக்ஷி. மகன் ஜீவராஜ் போனில்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நிலக்ஷி டிகிரி படிக்கிறா. கவர்மெண்ட் சோதன எழுதுறா. கிராம சேவகரா வாறா. மேச, கதிர, சீல். அம்புட்டுத்தான்."

"பெரட்டு கலஞ்சிருச்சா?" என்றாள் வீரம்மா. "கலஞ்சிருச்சுன்னா போயி வெறகு பொளங்க."

நிலக்ஷி மட்டும் மரியாதையாகப் பேசினாள். "தாத்தா, எனக்கு டீச்சராகத்தான் ஆச. அதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒன்னு, கொட்டகலப் பக்கம் கல்வியியற் கல்லூரி. மூணு வருசம் அங்கயே தங்கிப் படிக்கலாம். முடிச்சா நேரா ஸ்கூல்ல நியமனம். இன்னொன்னு யூனிவர்சிட்டி. நாலு வருசம் டிகிரி. ஆனா அதுக்கப்புறம் வேல நம்மதான் தேடணும்."

"அந்தக் கல்லூரியில என்னா பட்டம் குடுக்குறாங்க?"

"பட்டம் இல்ல தாத்தா. டிப்ளோமா."

"அப்ப அரைப்பேர்" என்றேன்.

போன் தோட்டத்தில் வேலை செய்ததில்லை, அதனால் அதற்குச் சொல்கிறேன். எடுத்த கொழுந்து நிறை காணாவிட்டால் அன்றைக்கு முழு நாள் சம்பளம் போட மாட்டார்கள், பாதி நாள்தான். அதற்குப் பெயர் அரைப்பேர். சொன்ன நேரத்தில் பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. ஜீவராஜ்கூடப் போனில் சிரித்தான்.

நாகலெட்சுமி சிரிக்கவில்லை. விடிந்ததிலிருந்து மலையில் நின்றுவிட்டு வந்தவள். மழை பிந்தியதால் செடியில் கொழுந்து இல்லை. இந்த வாரம் முழுக்க அவளுக்கு விழுந்தது அரைப்பேர்தான். எழுந்து போய்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அரைப்பேர்லதான் மாமா இவள படிக்க வச்சேன்."

பெரட்டு அப்போதுதான் உண்மையாகக் கலைந்தது.

மே 4

விறகு பிளந்தேன்.

மே 9

பிளந்த விறகோடு வாயையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கலாம். நான் சொன்ன வார்த்தையை அழகனிடம் பகிடியாகச் சொல்லப்போக, அவன் அதைக் கோயில் லவுட்ஸ்பீக்கர் மாதிரி லயம் முழுக்கப் போட்டுவிட்டான். இன்று பீலிக்கரையில் நிலக்ஷி வாளியோடு நிற்கும்போது சின்னப் பிள்ளைகள் கத்துகிறார்கள்: "அரைப்பேர் டீச்சர் வாறாங்க, அரைப்பேர் டீச்சர் வாறாங்க!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாளி நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்து யூனிவர்சிட்டி விண்ணப்பப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்குத் தேத்தண்ணி வந்தது. பேச்சு வரவில்லை.

கல்லூரிக்குப் போகிற பிள்ளையை நான் ஒரே வார்த்தையில் திருப்பிவிட்டேன் போலிருக்கிறது. கேட்டது கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஏன் தேத்தண்ணி இறங்கவில்லை?

மே 16

வீரம்மா கேட்டாள்: "அந்தக் கதிர மேல ஒங்களுக்கு அப்புடி என்னா ஆச?" முள்ளங்கிக்குக் களை பிடுங்குவதாகச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன். போனுக்குச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். பிரஜாவுரிமை விஷயமாக அப்பாவோடு கச்சேரிக்கு, அந்த அரசாங்க அலுவலகத்துக்கு, போனேன். மேசைக்குப் பின்னால் கதிரையில் உட்கார்ந்திருந்தவர் சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தார். மேலே காற்றாடியில் ஒரு இறக்கை வளைந்திருந்தது. அது ஒவ்வொரு சுற்றுக்கும் டொக் என்றது. அவர் தலையைத் தூக்காமல், "உனக்கு எந்த நாடு?" என்று கேட்டார்.

கையைக் கட்டிக்கொண்டு, "ஊசிமலைங்க ஐயா. கீழ்ப்பிரிவு" என்றேன்.

அறையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். ஐயாமார் சிரித்தால் நாமும் சிரிக்க வேண்டும் என்று சிரித்தார். என் பதிலில் என்ன பிழை என்று அவருக்கும் தெரியாது. அண்ணன் கப்பலேறி இந்தியாவுக்குப் போனான். எனக்கு இந்த நாடுதான் என்று காகிதத்தில் வர என் தலை நரைத்துவிட்டது.

அந்தக் கதிரையில நம்ம புள்ள ஒன்னு ஒக்காரணும். வந்து நிக்கிறவன நிமிந்து பாத்து, ஒக்காருங்கன்னு சொல்லணும் — வேற என்ன கேட்டேன் நான்?

போதும். லயத்துப் பேச்சு வந்துவிட்டால் கிளாக்கர் பிழையாக எழுதுவார்.

ஜூன் 12

கதிரையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நிலக்ஷி இரண்டுக்குமே விண்ணப்பம் போடுகிறாளாம். கல்லூரி விண்ணப்பத்துக்கு வதிவிடச் சான்று வேண்டும் என்று கிராம சேவகரிடம் போனாள். அவள் கேளாமலே நான் துணைக்குப் போனேன். அங்கே இருந்தது ஒரு சின்னச் சிங்களப் பிள்ளை. நிலக்ஷியைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். சுற்றுகிற கதிரை. சீல் இரண்டு. எல்லாம் நான் நினைத்தபடியே இருந்தது. ஆனால் அவளைச் சுற்றி ஒரு சந்தை. நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். ஒருத்தி மேசையில் அடிக்கிறாள். சாப்பாட்டுப் பார்சல் பிரிக்காமல் ஓரத்தில் கிடக்கிறது. நேரமோ பிற்பகல்.

கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு நானும் கத்தினேன். "எம்புட்டு நேரமா நிக்கிறோம்! தோட்டத்து ஆளுன்னா இங்க ஆளு இல்லயா?"

அந்தப் பிள்ளை பயந்துபோய் நிலக்ஷியைப் பார்த்து, சீயா என்ன சொல்கிறார் என்று சிங்களத்தில் கேட்டாள். சீயா என்றால் தாத்தா. நிலக்ஷி கொஞ்சமும் தடுமாறாமல் சிங்களத்தில் சொன்னாள்: "உங்களுக்குச் சாப்பிடக்கூட நேரம் கிடைக்கவில்லை, பாவம் என்று சொல்கிறார்."

எனக்குச் சிங்களம் தெரியும் என்பது நிலக்ஷிக்கும் தெரியும்.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. நன்றி சீயா என்றாள். நான் என்ன செய்வது? "சாப்பிடு மகள், நாங்கள் இருக்கிறோம்" என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். கத்திக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் அடங்கினார்கள். அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எங்களுக்குக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்து கேட்டேன். "என்னாடி, என் வாய வச்சே பொய் சொல்ற?"

"பொய்யா? நீங்க நல்ல மனுசனா இருந்தா அதத்தான் சொல்லியிருப்பீங்க."

பஸ்ஸில் வரும்போது அந்தக் கதிரையில் நிலக்ஷியை உட்கார வைத்துப் பார்த்தேன். மேசைக்கு முன்னால் ஒரு கிழவன் வந்து நின்று கத்துகிறான். பார்த்தால் என்னைப் போலவே இருக்கிறான்.

ஜூலை 6

ஞாயிற்றுக்கிழமை. அழகனின் பேரன் மதுசூதனன் வந்திருந்தான். எங்கள் பக்கத்தில் டிகிரி முடித்த ஒரே ஆள். ஹட்டனில் புடவைக் கடையில் வேலை.

"பட்டதாரி நியமனம் இந்தா வருது, அந்தா வருதுன்னு சொல்றாங்க தாத்தா. அது வரைக்கும் சாரி மடிக்கிறேன். நான் மடிச்சா மடிப்புக் கலையாது, மொதலாளியே சொல்லுவாரு."

"நீ டிகிரியில என்னா படிச்ச?"

"மெய்யியல்."

"அப்புடின்னா?"

"எது உண்ம, எது பொய்யின்னு யோசிக்கிறது."

"அதுக்குச் சம்பளம் குடுப்பாங்களா?"

"அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

அவன்தான் முதலில் சிரித்தான். நானும் சிரித்தேன். அழகன் மட்டும் எதையோ தேடுவது மாதிரி உள்ளே போய்விட்டான். நியமனம் வந்தால் பேரனுக்குப் போட்டுப் பார்க்கவென்று வாங்கி வைத்த டை ஒன்று அவன் பெட்டியில் இருப்பது எனக்குத் தெரியும்.

ஜூலை 7

இன்று முதல் நான் கல்லூரிக் கட்சி.

சோறு தின்னும்போது பொதுவாகச் சொன்னேன். "கல்வியியற் கல்லூரின்னா லேசுப்பட்டதா? மூணு வருசத்துல கையில நியமனம். கொட்டகல என்ன தூரமா? நெனச்சா போயிப் பாத்துட்டு வரலாம்."

"ரெண்டு மாசத்துக்கு முன்ன இதே வாய்தான அரைப்பேருன்னுச்சு?" என்றாள் வீரம்மா.

"அது வேற யாரோ."

நிலக்ஷி, "ம்" என்றாள். நாகலெட்சுமி என் தட்டில் ஒரு கரண்டி பருப்பு கூடப் போட்டாள். மன்னிப்பா, மறதியா, தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டேன்.

ஜூலை 19

யூனிவர்சிட்டிப் புத்தகம் இன்னும் அவள் தலைமாட்டில்தான் இருக்கிறது. நல்ல தடித்த புத்தகம். மாடு தின்றால்கூடச் செரிக்காது.

ஆகஸ்ட் 21

இன்று கல்லூரி இண்டர்வியூ. நான் வேட்டி சட்டையோடு தயாராக நின்றேன். வீரம்மா வாசலை மறித்தாள். "நீங்க போகாதீங்க. நீங்க போனா அவுங்க கல்லூரியையே மூடிட்டுப் போயிருவாங்க." தாயும் மகளும் மட்டும் போனார்கள். நான் வேட்டி சட்டையோடு மாட்டுக்குப் புல் அறுத்தேன்.

மாலையில் வந்தாள்.

"என்னா கேட்டாங்க?"

"கேட்டாங்க."

"நீ என்னா சொன்ன?"

"சொன்னேன்."

முகம் சரியில்லை. நாகலெட்சுமியிடம் கேட்டேன். "என்னய வெளிய ஒக்கார வச்சிட்டாங்க மாமா. வெளிய வந்ததுலருந்து இப்புடித்தான் இருக்கா" என்றாள்.

வேண்டுமென்றே பிழையாகப் பதில் சொல்லிவிட்டாளோ? பீலிக்கரையில் பிள்ளைகள் கத்தியது காதில் நின்றிருக்குமோ? பெரிய கெடுதல் செய்வதற்குப் பெரிய ஆளாக இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஒரு கிழவன், ஒரு தேத்தண்ணி, ஒரு வார்த்தை போதும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 22

மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். அழுகல். வீட்டில் சொல்லவில்லை.

அக்டோபர் 9

கல்லூரியில் எடுத்துவிட்டார்கள்! பெயர் வந்துவிட்டது!

லயம் லயமாகப் போய்ச் சொன்னேன். அழகனிடம் கண்டிப்பாகவும் சொன்னேன். "இனிமே அந்த வார்த்த ஒன் வாயிலருந்து வந்துச்சு, பல்லு இருக்காது."

"இப்ப மட்டும் இருக்கா?" என்று வாயைத் திறந்து காட்டினான்.

நாகலெட்சுமி சாமிப் படத்துக்கு முன்னால் நின்று அழுதாள். ஜீவராஜ் கொழும்பிலிருந்து போன் எடுத்து அழுதான். வீரம்மா இரண்டு பேரையும் ஏசிவிட்டு அழுதாள். நிலக்ஷி எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். அழவில்லை. அது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

அக்டோபர் 30

ஒரு மாதிரியாக இருந்தது சரிதான். இன்று யூனிவர்சிட்டியிலும் கிடைத்துவிட்டது என்று போனில் வந்திருக்கிறது. மட்டக்களப்பு. கல்லூரிக்கு வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே போகிறாளாம். கையில் கிடைத்த நியமனத்தை விட்டுவிட்டு!

"மட்டக்களப்பு எங்கருக்கு தெரியுமா?" என்றேன்.

"தெரியும் தாத்தா. புவியியல்ல பி எடுத்தேன்."

"அங்க வெயிலு. நொளம்பு. தண்ணி உப்பு. எழுபத்தெட்டுல சூறாவளி அடிச்சு ஊரையே தூக்கிருச்சு. ரேடியோவுல நான் கேட்டேன்."

"அது அடிச்சு முடிஞ்சிருச்சு தாத்தா."

ஜீவராஜிடம் போனில் முறையிட்டேன். "அவ இஷ்டம்ப்பா" என்றான். நாகலெட்சுமியைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்தாள்.

என்னால வந்தது. எல்லாம் இந்த வாயால வந்தது. பக்கத்துல இருந்து படிச்சு, பக்கத்து ஸ்கூல்ல ஒக்காந்து, ஞாயிறு ஞாயிறு வீட்டுக்கு வந்து போக இருந்த புள்ள. நாலு வருசம் கழிச்சு சாரி மடிக்கணுமா அவ? டிகிரி டிகிரின்னு கத்துனியேடா கெழவா, இந்தா எடுத்துக்க.

நவம்பர் 2

இன்று கேட்டுவிட்டேன். மாட்டுக் கொட்டிலில் அவள் புல் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக மனதில் அடுக்கி வைத்த பேச்சு. "நிலக்ஷி, நான் அன்னைக்குச் சொன்ன வார்த்தைய மனசுல வச்சுக்கிட்டு வாழ்க்கைய மாத்திக்காத. கெழவன் புத்தி கெட்டுப் பேசிட்டேன். என் மேல உள்ள கோவத்துல—"

"எந்த வார்த்த?" என்றாள்.

"அதான்... அரைப்பேருன்னு."

புல்லுக்கட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. மாடு திரும்பிப் பார்த்தது.

"அதுக்காகவா மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க? அய்யோ தாத்தா! அன்னைக்கு அம்மாவுக்காகக் கோவம் வந்துச்சு. ரெண்டு நாள்ல போயிருச்சு. ஒங்க பேச்சக் கேட்டு நடக்கறதுன்னா இந்த வீட்டுல ஒருத்தரும் எந்திரிச்சே நடக்க ஏலாது."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இண்டர்வியூவில் நடந்ததைச் சொன்னாள். அங்கே ஒரு மிஸ், உங்கள் தோட்டத்தில் ஓ.எல். பாஸ் பண்ணின பிள்ளைகள் எங்கே என்று கேட்டிருக்கிறார். கொழும்பில் என்றிருக்கிறாள். ஏன் என்றிருக்கிறார். தோட்டத்து ஸ்கூலில் ஏ.எல். வகுப்பு இல்லை, தினம் ஹட்டனுக்கு அனுப்ப எல்லா வீட்டிலும் ஏலாது என்றிருக்கிறாள்.

"அப்ப அந்த மிஸ் கேட்டாங்க, நீ சின்ன வகுப்புக்கு டீச்சரா வந்தா அது மாறுமான்னு. நல்லாத்தான் கேட்டாங்க, நக்கலா இல்ல. எனக்குப் பதிலே வரல தாத்தா. பஸ்ல வரும்போதும் வரல. என்கூட ஓ.எல். எழுதுன பிரேமினிய தெரியுமில்ல? என்னவிடக் கெட்டிக்காரி. கார்மெண்ட்ஸ்ல பொத்தான் தைக்கிறா. இங்க ஏ.எல். வகுப்பு தொறக்கணும்னா டிகிரி உள்ள டீச்சர் வேணும். வெளியூருலருந்து வாறவங்க ஒரு வருசத்துல மாத்தம் வாங்கிட்டுப் போயிர்றாங்க. இந்த ஊரு ஆளுன்னா போக மாட்டாங்கல்ல?"

"வேல கெடைக்கலன்னா?"

"பயமாத்தான் இருக்கு." மாட்டைத் தடவிக்கொடுத்தாள். "கெடைக்கலன்னா மதுசூதனன் அண்ணன்கிட்ட சாரி மடிக்கப் பழகிக்கிறேன்."

கீழே கிடந்த புல்லுக்கட்டை எடுத்து நானே மாட்டுக்குப் போட்டேன்.

நவம்பர் 3

ஆறு மாதமாக என் வாயைச் சபித்துக்கொண்டிருந்தேன். அதற்கு அவ்வளவு சக்தி இல்லையாம். அழுகல் தேங்காய்க்குக்கூட நான்தான் காரணம் என்று நினைத்திருந்தேனே.

நவம்பர் 17

கல்லூரிக்கு வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்த இடம் யாரோ ஒரு பிள்ளைக்குப் போகும். அந்தப் பிள்ளையின் தாத்தாவாவது வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும்.

டிசம்பர் 8

மழை. அழகன் வந்தான். மகிழ்ச்சியாகச் சொன்னான்: "நீ நெனச்சதுதான நடந்துச்சு நல்லமுத்து? டிகிரி, டிகிரின்னியே."

"ஆமா" என்றேன். நான் ஜெயித்ததற்கு இரண்டு பேரும் வெறும் தேத்தண்ணி குடித்தோம்.

ஜனவரி 11

ஹட்டன் பஸ் ஸ்டாண்ட். நாகலெட்சுமி இன்று வேலைக்குப் போகவில்லை. நிலக்ஷிக்குத் துணையாக மட்டக்களப்பு வரை போய் விட்டுவிட்டு வருகிறாள். வீரம்மா ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாயைத் துணியில் சுற்றிச் சுற்றி, பஸ் கவிழ்ந்தாலும் போத்தல் உடையாத அளவுக்குக் கட்டியிருந்தாள். எனக்குத் தலையணை தூக்குகிற வேலை. படித்தவர்கள் நிறைந்த இடத்தில் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

நல்ல புத்தி நாலு சொல்ல வேண்டும் என்று வழியில் நோர்வூட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்தேன். பஸ் வந்தது. நிலக்ஷியும் நாகலெட்சுமியும் ஏறினார்கள். தலையணையை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

"ஜன்னல் பக்கமே ஒக்காரு" என்றேன்.

"ஒக்காந்துதான் இருக்கேன் தாத்தா."

பஸ் போய்விட்டது. வீரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "யோசிச்சு யோசிச்சு இதத்தானா சொன்னீங்க?" என்றாள். பதிலுக்குக் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில், நாலு பேர் பார்க்க. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி 15

பொங்கல். பானை பொங்கிச் சாய்ந்தது. கிழக்கே, மட்டக்களப்புப் பக்கம் சாய்ந்தது என்றேன். தரைதான் அந்தப் பக்கம் பள்ளம் என்றாள் வீரம்மா.

ஜனவரி 23

முள்ளங்கி பிடுங்கினேன். நன்றாக வந்திருக்கிறது.

பெப்ரவரி 8

நிலக்ஷி போன் எடுத்தாள். பின்னால் பிள்ளைகள் பேசுகிற சத்தம். வெயில் என்றாள். கடற்கரை பார்த்தேன் என்றாள். வகுப்பில் எல்லாரும் இவள் பேச்சைக் கேட்டுவிட்டு, நீ எந்த ஊர் என்று கேட்கிறார்களாம். "ஊசிமலைன்னு சொன்னேன் தாத்தா. அது எங்கன்னு கேட்டாங்க. பலகையில வரைபடம் போட்டுக் காட்டுனேன்" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்று பிறகுதான் ஞாபகம் வந்தது.

"சாப்ட்டியா?" என்றேன்.

"ஓம் தாத்தா" என்றாள்.

இங்கே இருக்கும்போது ஆமாங்க தாத்தா என்பாள். கோபமாக இருந்தால் ம் என்பாள். ஓம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அது அந்தப் பக்கத்துப் பேச்சு. ஒரு மாதத்துக்குள் வாயில் ஒட்டிக்கொண்டது, அவளுக்கே தெரியாமல். திருத்தலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. விட்டுவிட்டேன்.

அவள் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அடுப்படியிலிருந்து வீரம்மா கேட்டாள்: "சாப்ட்டாளாமா?"

"ஓம்" என்றேன்.

அகப்பையோடு வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாள்.